சுமைதாங்கிக்கு வேலி

திருவானைக்காவலிலிருந்து காவிரிப் பாலத்துக்குப் போகிற சாலையோரத்தில் எங்கள் அக்காவுக்கு ஒரு கல் இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள் அவள். அப்படிப் போகிறவள் சுமையை இறக்காமலே போகிறாள், அவளுக்காக வழியில் ஒரு சுமைதாங்கி நட வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மார்பளவு உயரத்தில் இரண்டு கல்தூண்கள், குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் அதில் இறக்கி வைக்கலாம், மறுபடி தாங்களே ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும்.

அப்பா அந்தக் கல்லில் அக்காவின் பெயரை வெட்டச் சொன்னார். கொள்ளிடக்கரைத் தோட்டங்களிலிருந்து வாழை இலைக்கட்டு சுமந்து மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள். அம்மா காலையில் பால் வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டு வருவாள். யாராவது கட்டை இறக்கி வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

வருஷா வருஷம் திதிக்கு முன்னால் கல்லுக்கு வெள்ளை அடிப்போம். அப்பா போன பிறகு அதை நான் செய்தேன். சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து தூர்ந்தே போய்விட்டது. எங்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அக்காவின் பெயர் எங்களுக்குத் தெரியாதா என்ன?

எனக்குக் கல்யாணமாகிப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், அம்மாவைப் பார்க்க வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கல்லைச் சுற்றி இரும்பு வேலி. பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த பலகை. இறங்கிப் போய்ப் படித்தேன். நவாப் காலத்துச் சண்டையில் பிரெஞ்சுப் படை பீரங்கி மருந்து இறக்கி வைத்த கல்லாம் அது. கீழே, யாரும் தொடக்கூடாது என்று ஒரு வரி. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர்கள், என் கண்ணெதிரே நட்ட கல்லுக்கு இருநூறு வயது ஏற்றிவிட்டு, விழா நடத்திச் சுண்டலும் கொடுத்திருக்கிறார்கள்.

பலகை வைத்தது ஊர்ச் சரித்திரக் குழு ஒன்று. அதன் காரியதரிசி ஸ்ரீரங்கத்தில் இருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"அது எங்க அக்காவோட சுமைதாங்கி சார். சுண்ணாம்பச் சுரண்டிப் பாருங்க, பேர் இருக்கும்."

"பழைய கல்லும்மா. சுரண்டினா சேதமாயிடும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார்.

"வேணும்னா உங்க அக்கா பேரையும் பலகைல கீழ ஒரு வரி சேத்துடலாம்."

"பேர் வேண்டாம் சார். வேலிய எடுங்க."

"வேலிய எடுத்தா போறவங்க வரவங்க எல்லாம் மூட்டையக் கொண்டாந்து அதுமேல வெப்பாங்களே."

"வெக்கத்தான் சார் கல்லு."

காபி ஆறுகிறது என்றார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து சாலையோரத்தில் சரித்திரப் பலகை எதைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ கூடாரம் அடித்த இடம், யாரோ குதிரை கட்டிய இடம். பட்டாளத்துக்காரன் ஒரு பொழுது நின்ற இடமெல்லாம் ஊருக்குப் பெருமை. பிள்ளை பெறாமலே செத்தவளுக்கு இருந்தது ஒரே ஒரு கல். அதையும் அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பாவிகள்.

அம்மா பலகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இனிமே யாரும் எறக்க முடியாதாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முறை நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு சாலைக்குப் போனேன். வேலியை ஒட்டி அம்மா நின்றிருந்தாள். இலைக்கட்டோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்து, கட்டை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அப்பாடா என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே அதை மறுபடி அவள் தலைக்கு ஏற்றிவிட்டாள். தினமும் இதுதான் நடக்கிறதாம்.

"வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

"இன்னும் நாலு பேர் வருவாங்க. இருடி."

அப்போது ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்க்காரர்கள். பலகையைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். ஒருவர் கேமராவை எடுத்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கல்ல மறைக்கிறீங்க" என்றார்.

அம்மா தள்ளி நின்றாள். அவள் நின்ற இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் என்னையும் சேர்த்தே படம் எடுத்துக்கொண்டு போனார். எந்த வீட்டிலாவது இன்னும் அந்தப் படம் இருந்தால், கல்லை மறைத்துக்கொண்டு முறைத்தபடி நிற்பவள் நான்தான்.