எனக்காகப் பேச ஒரு வாய் கேட்டேன்

முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடுதாசி வந்தது. அன்றைக்கு என் நெஞ்சில் பக்தி இல்லை. மாரியாத்தாள் மேல் கோபம்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இது சாட்சி ஆகாது.

என் பெயர் முனியாண்டி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பிட்டராக இருந்தேன். கொழுந்து உருட்டும் மெஷினோ காய வைக்கும் மெஷினோ எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் புது மெஷின்கள் வந்தன. அவற்றை வெளி ஆட்கள் பார்த்துக்கொள்வார்களாம், இனி பிட்டர் வேண்டாமாம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்று இடத்தில் வேலை கேட்டேன். மூன்று இடத்திலும் ஒரே கேள்வி. “சர்ட்டிபிகேட் இருக்கா? இல்லன்னா உங்களைப் பத்தி யாராவது சொல்லுவாங்களா?” சர்ட்டிபிகேட் இல்லை. சொல்ல ஆளும் இல்லை.

என் மகள் கவிதா பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் கவுண்டரில் வேலை செய்கிறாள். “அப்பா, இப்பல்லாம் வேலை இங்கதான் கிடைக்குது லா” என்று போனில் ஒரு இணையத்தளத்தைக் காட்டினாள். அதில் நம் படத்தையும் தொழிலையும் போடவேண்டும். தெரிந்தவர்களை அழைத்துச் சேர்க்கவேண்டும். கூட வேலை செய்தவர்கள் நம்மைப் பற்றி எழுதலாம். அவள் தட்டத் தட்ட அது என்னென்னமோ கேட்டது. “எல்லாத்துக்கும் சரின்னு அழுத்து, பிள்ள” என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் என் அழைப்பு போய்விட்டது. சமையல் கேஸ் தோங் கொண்டுவருபவர், கோயில் பொருளாளர், தோட்டத்து மேனேஜர், ஒருவரையும் விடவில்லை.

மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்வோம். மறுநாள் காலை தொழிற்சாலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்ன முனியாண்டி, வேலை தேடுறேன்னு போர்டு மாட்டி எனக்கே அழைப்பா?”

“அது தானா போயிருச்சுங்க துரை.”

“தானா போச்சா? மெஷினை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவனுக்கு நான் நற்சான்று கடுதாசி வேற குடுக்கணுமா? போ, போ.”

அவர் தருவதாகச் சொல்லியிருந்த கடுதாசியும் அதோடு போனது.

அதைவிட மோசம், அந்த அழைப்பு காளியப்பனுக்கும் போயிருந்தது. காளியப்பன் என் மனைவி லெட்சுமியின் அண்ணன். என்னோடு பதினாறு வருடம் அதே தொழிற்சாலையில் இருந்தவர். இப்போது கோலா தெர்லாவில் காய்கறி கட்டி லோரியில் அனுப்புகிறார். ஆறு வருடத்துக்கு முன் திருவிழாவில் தேர் பிரிஞ்சாங் வளைவுக்கு வந்தபோது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அத்தனை விளக்கும் அணைந்தது. “இவனெல்லாம் ஒரு பிட்டரா? குடிச்சுட்டு வந்து ஆத்தாளையே இருட்டுல நிக்க வச்சுட்டான்” என்று கூட்டத்தின் நடுவில் கத்தினார். அன்று நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. செத்துப்போன அவர் அப்பாவை இழுத்துப் பேசினேன்.

எங்கள் பக்கம் இரண்டு வீடு முறைத்துக்கொண்டால் முதலில் அழைப்பவன் தோற்றவன். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. லெட்சுமி அன்று முழுக்க சமைக்கவே இல்லை. அப்படிக் கட்டிக் காத்த வீம்பை ஒரு போன் ஒரு நொடியில் விற்றுவிட்டது.

மூன்றாம் நாள் அவர் தங்கைக்குச் செய்தி அனுப்பினார்: “உன் வீட்டுக்காரன் கால்ல விழுறதுக்கும் போனைத்தான் அனுப்புவானா?”

அன்று சாயங்காலமே அந்தத் தளத்தில் என்னைப் பற்றி எழுதியும் வைத்தார். நான் சம்மதித்தால்தான் அது என் பக்கத்தில் தெரியும். கவிதா படித்தாள்.

“முனியாண்டி வாய் கெட்டவன். யாரையும் மதிக்க மாட்டான். பதினாறு வருஷம் இவன் பக்கத்துல நின்னது என் கர்மம்.”

“நிப்பாட்டு. அழி அதை.”

“இன்னும் இருக்குப்பா.”

“அழிங்கிறேன்.”

அவள் அழிக்கவில்லை. போனை மூடி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். பூ இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். “என் கையை உனக்குத் தெரியும். உன் கோயில் மணிக்கு மோட்டார் மாட்டினதே நான்தான். ஊர்ல ஒருத்தனுக்கும் என்னைப் பத்திச் சொல்ல நாக்கு எழும்பல. எனக்காகப் பேச ஒரு வாய் குடு. யார் வாயா இருந்தாலும் சரி.”

கடைசிச் சொல் நான் நினைத்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. தூறலில் லயத்துப் படி ஏறும்போது பாதியில் கால் நின்றுவிட்டது. யார் வாயானாலும் சரி என்றேனே. ஒரு வாய் ஏற்கெனவே பேசியிருக்கிறது. நான்தான் பாதியில் காதை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய், “மிச்சத்தைப் படி” என்றேன்.

“ஆனா மெஷின்னா இவனை மிஞ்சின ஆளை நான் பார்த்ததில்ல. சத்தத்தை வச்சே எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிருவான். திருவிழாவுல ஜெனரேட்டர் நின்னதுக்கு இவன் குடிதான் காரணம்னு ஊர் முன்னால சொன்னேன். மறுநாள் டேங்கைத் திறந்து பார்த்தேன். டீசல்ல தண்ணி. அந்த டீசலை வாங்கிட்டு வந்தது நான். இதை இவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. அதனால இங்க எழுதுறேன்.”

லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்கண்ணன் மன்னிப்புக் கேட்டாக்கூட திட்டுற மாதிரிதான் இருக்கும்.”

“முதல் வரியை மட்டும் எடுத்துட முடியுமா?” என்று கவிதாவைக் கேட்டேன்.

“வெட்ட முடியாதுப்பா. காட்டினா முழுசாத்தான் காட்டணும்.”

ஆத்தாள் பெயரைச் சொல்லி, சம்மதம் என்று நானே அழுத்தினேன்.

வீட்டைக் காலி செய்ய ஒன்பது நாள் இருக்கும்போது திரிங்காப்பில் பூ அனுப்பும் கம்பெனி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே குளிர் அறைகளையும் பூக்கட்டும் மெஷின்களையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேனேஜர் வசந்தா என்ற அம்மா. என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

“மத்தவங்களுக்கு எழுதியிருக்கறதெல்லாம் ஒரே சர்க்கரை. உங்களுக்கு எழுதினது ஒரே ஒருத்தர், அவருக்கும் உங்களைப் பிடிக்கல. பிடிக்காதவர் சும்மா புகழ மாட்டார் லா. நெஜமாவே வாய் கெட்டவரா நீங்க?”

“ஆமாம்மா.”

“சரி. என் மெஷினுக்குக் காது கிடையாது. திங்கக்கிழமை வந்துருங்க.”

வேலையோடு தங்க வீடும் கொடுத்தார்கள். துரையிடம் சாவியைக் கொடுத்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

இந்த வருடத் திருவிழாவில் ஜெனரேட்டர் மறுபடி என் பொறுப்பு. டீசல் கொண்டுவந்தது காளியப்பன் மச்சான். நான் புனலில் வெள்ளைத் துணி கட்டி, எல்லாரும் பார்க்க வடிகட்டி ஊற்றினேன்.

“என்ன மாப்பிள்ள, சந்தேகமா?”

“ஆமா மச்சான்.”

“உன் வாய் திருந்தவே திருந்தாது.”

“அதான் எழுதிட்டீங்களே.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தேர் வளைவைத் தாண்டும்வரை என் பக்கத்திலேயே டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு விளக்குகூட அணையவில்லை.

இப்போதும் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் முன்போல அவரைத் திட்டிக்கொண்டே நான் படுக்கப் போவதில்லை. சொந்தங்களே, உங்கள் குறையை ஆத்தாளிடம் தைரியமாகக் கேளுங்கள், கோபமாகவே கேளுங்கள். வரத்தை யார் கையில் கொடுத்தனுப்பவேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். உங்களைப் பிடிக்காதவர் வாய் திறந்தால் பாதியில் எழுந்து போகாதீர்கள். எனக்கு வந்த வரம் நான்காவது வரியில்தான் இருந்தது.