பெரிய கட்டையைப் போடச் சொன்னவள்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடிக் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், மற்ற நாட்களில் அதே தெருமுனையில் துணி தேய்க்கிறவர். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் பட்டுப்புடவைகளை அவரிடம் மட்டும்தான் நம்பிக் கொடுப்பேன். ஆனால் என் பாடத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. திமிர்தான், வேறென்ன.

போன வருடம் தேரன்று காலையில், தேர் திரும்பும் முனையில் நின்ற பூ வண்டி, கரும்புச்சாறு வண்டி, யாரோ விட்டுப்போன பைக் எல்லாவற்றையும் அவரே தள்ளி ஓரங்கட்டினார். தன் இஸ்திரி வண்டியை மட்டும் மறந்துவிட்டார். ஊர் வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறவர்களுக்கே உரிய மறதி அது.

தேரை நிலையிலிருந்து கிளப்புவதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அவ்வளவு கனம். நானும் வடம் பிடித்தேன். மேலே அர்ச்சகர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். முனைக்கு முன்னால் லேசான இறக்கம். கிளம்பிவிட்ட உற்சாகத்தில் நாங்கள் கண்மண் தெரியாமல் இழுக்க, தேர் வேகமெடுத்தது. வடத்தைப் போட்டுவிட்டு ஓரமாக ஓடினோம். நேர் எதிரே அவருடைய இஸ்திரி வண்டி.

"பெரிய கட்டையைப் போடுப்பா! உன் வண்டி போவுது!" என்று கூட்டம் கத்தியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் நிமிர்ந்து தன் வண்டியை ஒருமுறை பார்த்தார். பெரிய கட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை விட்டுவிட்டு மெல்லிய கட்டை ஒன்றைச் சக்கரத்தடியில் செருகினார். தேர் அதில் ஏறி இறங்கியது. வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. கூடவே ஓடி இன்னொன்று. பிறகு சற்றுத் தடித்தது ஒன்று. கடைசியில்தான் பெரியது. தேர் நின்றபோது அவருடைய வண்டி தேருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி நொறுங்கியிருந்தது.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "முதல்லயே பெரிசப் போட்டிருந்தா வண்டி தப்பிச்சிருக்குமேப்பா?" என்றேன்.

"வண்டி தப்பிச்சிருக்கும் டீச்சர். இம்மாம் பெரிய தேரு டக்குனு நின்னா, மேல நின்னுக்கினு இருந்தவங்க கதி? தலகுப்புற வந்திருப்பாங்க."

நிறை அதேதான், வேகத்தை எவ்வளவு சட்டென்று குறைக்கிறோமோ, அவ்வளவுக்கு விசையும் கூடும். விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவரோ, தன் பிழைப்பு கண்ணெதிரே நிற்க, ஓடிக்கொண்டே அதைச் செய்து காட்டினார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

புது வண்டி வரும்வரை எங்கள் வீட்டு மேசையை வாசலில் போட்டுத்தான் தேய்த்தார். இப்போதெல்லாம் வகுப்பில் அந்தச் சூத்திரம் வந்தால் தேரைத்தான் சொல்கிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "அப்போ நீங்க என்ன பண்ணீங்க மிஸ்?" என்று கேட்டாள்.

"பெரிய கட்டையைப் போடச் சொன்னேன்" என்றேன்.