எங்கள் வீட்டு செக்கிங் செக்‌ஷன்

போன ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு. செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"புள்ளய ஸ்கூல்லேருந்து நிறுத்திட்டீங்களாமே... வூட்லயே வச்சிருந்தா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?"

என் மகள் இனியாவுக்கு ஆறு வயது. கல்யாணக் கவலையை ஆரம்பிக்க நல்ல வயதுதான்!

ஏன் நிறுத்தினோம்? விருத்தாசலத்தில் ஸ்கூலுக்கா பஞ்சம்? வாசலுக்கே வேன் வருகிறது. ஆனால், யூ.கே.ஜி. முடிப்பதற்குள் எங்கள் வாயாடிப் பெண் வாயில் விரல் வைத்து உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஸ்கூலில் மட்டுமில்லை... வீட்டிலும்தான். தண்ணீர் குடிக்க என்னிடமே பர்மிஷன் கேட்டாள் — என்னை "மிஸ்" என்று கூப்பிட்டு! இதை ஒழுக்கம் என்று பாராட்டி, கையில் ஸ்டார் ஒட்டி அனுப்பினார்கள். அந்த விரல் வாயிலிருந்து இறங்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

"இனிமே நாமளே சொல்லிக் குடுத்துக்கலாம்" என்றார் என் கணவர். சின்னதாக ஒரு செராமிக் யூனிட் நடத்துகிறார். யானை, குதிரை, பிள்ளையார் பொம்மைகள். பொறுமைசாலி என்று நம்பிவிட்டேன்.

முதல் வாரத்திலேயே ஹாலுக்குக் கரும்பலகை வந்தது. டைம்டேபிள் வந்தது. பூஜை மணி, பீரியட் மணி ஆனது. யூனிஃபார்ம் வாங்கக் கிளம்பியவரை நான்தான் வாசலில் மறித்தேன். ஸ்கூலே வேண்டாம் என்று பிள்ளையை நிறுத்தினால், ஸ்கூல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து இறங்குகிறது!

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சூளையிலிருந்து எடுத்த பொம்மையை யூனிட்டில் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'கிண்' என்றால் நல்ல சரக்கு. சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே விரிசல் — சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு ரிஜெக்ட் குவியலில் தள்ளிவிடுவார்கள். மனுஷன் அந்த மார்க்கரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சாயங்காலமானால் இனியாவை எதிரில் உட்கார வைத்து செக்கிங். கேட்ட நொடியில் பதில் வர வேண்டும். ஒருநாள் அவள் வரைந்த பச்சைக் காக்காவுக்கும் சிவப்புக் கோடு விழுந்தது.

"காக்கா எங்கனா பச்சையா இருக்குமா?"

இனியாவின் விரல் மறுபடி வாய்க்குப் போனது.

"என்னங்க, புள்ள மூஞ்சிய பாருங்க..." என்றேன்.

"வெளிய போறதுக்கு முன்னாடி நாமளே செக் பண்ணிட்டா நல்லதுதான?" என்றார். என்னமோ மறுநாளே லாரியில் ஏற்றி டெலிவரி அனுப்பப் போகிற மாதிரி!

இந்த லட்சணத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். பழத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க, பன்னண்டாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்றார். அவருக்குத் தெரியுமா அது? கேட்க நாக்கு துடித்தது, மரியாதை தடுத்தது. இனியா ஸ்கூலுக்குப் போன காலத்தில் "சாப்டியா?" என்பதற்கு மேல் எதுவும் கேட்காதவர் இவர்.

இனியா விரலை எடுக்கவில்லை.

"பாத்தியாடா... வாயே தொறக்கல!" என்று தம்பியைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு.

தம்பிக்கு மானம் போய்விட்டதாம். மகள் முன்னால் குனிந்தார். "ரெண்டாம் வாய்ப்பாடாவது சொல்லும்மா. நேத்து சொன்னியே... ம், சீக்கிரம்!"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்திருப்பேன். அதற்குள் இனியாவே வாயிலிருந்து விரலை எடுத்தாள். மடக்கினாள். குனிந்திருந்த அப்பாவின் வழுக்கையில் 'டொக்... டொக்...' என்று தட்டினாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள்.

"அத்த, அப்பாவுக்கு உள்ள விரிசல் வுட்டுருக்குது. ரிஜெக்ட்டு!"

"அடியம்மா, வாயப் பாரேன்!" என்று நாத்தனார் கன்னத்தில் கை வைத்தார். அந்த வாயைத் திரும்பப் பார்க்கத்தானே இத்தனை பாடும்? நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மணி பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது. பச்சைக் காக்கா ஃபிரிட்ஜ் கதவில் உட்கார்ந்திருக்கிறது. என் கணவர் இப்போது கதை மட்டும் சொல்கிறார். கேள்விகளை அவள் கேட்கிறாள்.

சிவப்பு மார்க்கர் இனியாவிடம்தான் இருக்கிறது... வீட்டுக்கு வரும் உறவினர்கள் தலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்!