பச்சை முடிச்சு

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. இன்னும் தூக்குங்க."

எழுபது வயசு சின்னக்கருப்பு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்து காட்டுகிறார். கன்னத்துக்குள் மாத்திரை ஒதுங்கியிருக்கிறது. "முழுங்குங்க, நான் நிக்கிறேன்" என்கிறார் மெகருன்னிசா. முழுங்கி முடித்த கையோடு, "ஏத்தா, ராத்திரி மாத்திரைய பிராந்திக்கு முன்னாடி போடவா, பின்னாடியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார் பெரியவர்.

கம்பத்தில் மூன்று தெருவுக்கு இவர் மாத்திரைக்காரம்மா. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கத் தெம்பில்லாத, கடையில் வாங்க வசதியில்லாத வயசாளிகளுக்கு ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கித் தருகிறார்கள். அதை வீடு வீடாகக் கொண்டுபோய், உள்ளே இறங்கும்வரை நிற்பது மெகருன்னிசாவின் வேலை. மற்ற நேரமெல்லாம் தையல். ரவிக்கை வெட்டி மிஞ்சிய துணியில்தான் மாத்திரைகளை முடிந்து கொடுக்கிறார். மஞ்சள் முடிச்சு காலைக்கு, பச்சை மத்தியானத்துக்கு, கறுப்பு ராவுக்கு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் குழப்பம் வராது.

இந்த வயசாளிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மகன் வந்தால் காட்டவேண்டும் என்று மாத்திரையைச் சேர்த்து வைக்கிறவர் உண்டு. முழங்கால் வலிக்கிற சம்பந்திக்குத் தன் சர்க்கரை மாத்திரையைத் தானம் செய்தவரும் உண்டு. "எனக்கு நல்லாக் கேட்டுச்சுல்ல, அவுகளுக்கும் கேக்கும்னு குடுத்தேன்" என்று அந்த அம்மாள் சொன்னபோது மெகருன்னிசா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

யார் வீட்டிலும் டீ குடிக்கமாட்டார். "இப்பத்தேன் குடிச்சேன்" என்பார். நோன்புக்கு முன்னால் ஒருநாள் முழுக்கக் கூடவே சுற்றிய எனக்குத் தெரியும், குடிக்கவில்லை. இல்லாதவர்கள் வீட்டு டம்ளர் என்று ஒதுக்குகிறாரோ, கொஞ்சம் திமிர்தானோ என்றுகூட நினைத்தேன். உங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றபோது, "எழுதி?" என்று மட்டும் கேட்டார். நோன்பு மாதத்தில் மத்தியானமானால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். கொஞ்சம் கண்ணசந்து எழுவதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் மறுபடி வந்திருப்பது நோன்பு மாதத்தில். ஜைத்தூன் மாமி வீட்டில்தான் இப்போது சிக்கல். தனியாக இருக்கிறவர், மகன் குமுளியிலிருந்து வாரம் ஒருமுறை எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவதோடு சரி. போன வாரம் மாமி விடியுமுன் சஹர் சோற்றோடு சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தார். மத்தியானம் குழாயடியில் சரிந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டி எழுப்பினார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் அசரத்தும் சொல்லியனுப்பினார்: நோயாளி நோன்பை விடலாம், பதிலுக்கு ஒரு ஏழைக்குச் சோறு போட்டால் போதும், அதற்கும் வசதியில்லை என்றால் குற்றமில்லை. மாமி கேட்கிறவரா? நேற்றும் நோன்பு, இன்றும் நோன்பு.

நாங்கள் போனபோது மாமி சுவரில் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்துக் கிடந்தது. கை லேசாக நடுங்கியது.

"விட்டுருங்க மாமி. அசரத்தே சொல்லிட்டாகள்ல?"

"சொன்னாக. ஏழைக்குப் போடணும்னுந்தான சொன்னாக? பள்ளிவாசக் கஞ்சிக்குத் தூக்குவாளி தூக்குறவ நான். எனக்கும் கீழ ஒரு ஏழைய எங்கன போயித் தேடுவேன்?"

"முடியாட்டி அதுவும் வேணாம்னாக."

"சும்மா விட்டுட்டுத் திங்க வெக்கமா இருக்கும்த்தா. இந்தத் தெருவுல எவ திங்கிறா? நீ திங்கிறியா?"

மெகருன்னிசா வாசல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டு நசீம் வாசலில் வெங்காயம் உரித்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாமி மேல் கோபம் கோபமாக வந்தது. உயிரை விட வீம்பு பெரிதா?

"சஹருக்கு ஆக்குன சோறு மிச்சம் இருக்கா?" என்றார் மெகருன்னிசா.

"இருக்கு."

"ரெண்டு தட்டுல போடுங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு ஏழைக்கு."

"எந்த ஏழைக்கு?"

மெகருன்னிசா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, ஒரு பச்சைத் துணி முடிச்சை எடுத்து முன்னால் வைத்தார். மாமி அதைப் பார்த்தார். தன் மாடத்தில் இருந்த பச்சை முடிச்சையும் பார்த்தார். இரண்டும் ஒரே துணி.

"ஏத்தா, உனக்கும் சர்க்கரையா?"

"அஞ்சு வருசமாச்சு மாமி. வெளிய சொல்லல."

மாமி வாசலைப் பார்த்தார். "கதவச் சாத்துத்தா. அவ பாக்குறா."

"பாக்கட்டும்."

மாமி எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சம் தரையில் சிந்தியது. மெகருன்னிசா நாலு வாய் சாப்பிட்டார். முடிச்சை அவிழ்த்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.