மன்சரா வெட்டிப் பார்க்கிறார்

விறகின் நடுவில் கத்தியின் வாயை ஊன்றி, அதன் முதுகில் கட்டையால் ஓர் அடி. குக்ரி என்ற அந்த வளைந்த கத்தி பாதி இறங்கி நிற்கிறது. இன்னோர் அடி. விறகு இரண்டாகப் பிளந்து விழுகிறது. மன்சரா கத்தியை எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தின் மேல் அதன் வாயை மெல்ல இழுத்துப் பார்க்கிறார். வழுக்கவில்லை, நகத்தைக் கவ்வுகிறது. பிறகு காதருகே கொண்டுபோய் ஒரு சுண்டு சுண்டுகிறார். கேட்டது பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பிடிக்காவிட்டால், பத்தடி தள்ளி உலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் கணவருக்குக் கேட்கிற மாதிரி, "இதுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்பார்.

அந்தக் கட்டைவிரல் நகம் முழுக்கக் கோடுகள். கடையில் காய்கறி வாங்கும்போது அதை உள்ளே மடித்துக்கொள்வார். ஐம்பத்து நான்கு வயதில் அவருக்கு இருக்கும் ஒரே வெட்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கணவர் நர்ஜித் லாரியின் வில்பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து, வளைத்துக் குக்ரி செய்கிறார். போஜ்பூர் மலைகளில் கத்தி செய்கிறவர்கள் நிறைய. ஆனால் செய்த கத்தியை விற்பதற்கு முன் மூன்று நாள் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் இவர் ஒருவர்தான். அந்த மூன்று நாளும் புதுக் கத்திக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் மூங்கில் பிளக்கும். அதே கத்தி சேப்பங்கிழங்கைத் தோண்டி, கழுவப்பட்டு, தோல் சீவும். முதுகால் இஞ்சி தட்டும், அக்ரூட் கொட்டை உடைக்கும், வேலிக்கு முளை அடிக்கும். கேழ்வரகுக் களி அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டும். இரண்டாம் நாள் எலும்பு. "புது மருமகளை மாமியார் ஏவற மாதிரி ஏவணும்" என்பார் மன்சரா. "வந்த மூணு நாளுக்குள்ள எல்லா வேலையும் சொல்லிடணும். அப்பத்தான் குணம் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் அப்படி வந்தவதான்" என்று சேர்த்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் சிலௌனே என்ற மரத்தின் காய்ந்த கணுமுடிச்சு. கோடரியே திணறுகிற கட்டை அது. நடுவாயால் ஏழு வெட்டு, பிறகு நுனியால் ஏழு வெட்டு. நுனி மழுங்கலாம், வளையலாம், அது மன்னிக்கப்படும். உடையக் கூடாது. உடைந்தால் கரிக்கட்டையால் கத்தியின் மேல் ஒரு கோடு இழுத்து, பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடுவார். மூன்றாம் நாள் காலையில் மட்டும் நர்ஜித்துக்குத் தவறாமல் ஆடு மேய்க்கும் வேலை வந்துவிடும். "நான் செய்யறேன், இவ உடைக்கிறா" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். சாயங்காலம் திரும்பியதும் ஆட்டைக்கூடக் கட்டாமல் முதலில் இரும்புக் குவியலைத்தான் எட்டிப் பார்ப்பார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஊரின் சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாகக் கட்டுப் போடுகிறவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஜுன்கிரி என்ற ராய் சாதிப் பெண் தழை வெட்ட மரமேறினார். கிளையை ஓங்கி வெட்டியபோது, நர்ஜித் செய்த கத்தியின் நுனி உடைந்து தெறித்து, கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே கன்னத்தில் இறங்கியது. ஏழு தையல் போட்டேன். தீட்டு நாளில் மரமேறியிருப்பாள் என்றது ஊர். கொல்லன் கண்பட்ட இரும்பு என்றது. மந்திரிக்கிறவரைக் கூட்டிவந்து சேவலும் அறுத்தார்கள். மன்சரா மட்டும் என்னிடம் வந்து, கன்னத்திலிருந்து எடுத்த அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த இடம் சர்க்கரை மாதிரி பொறுபொறுவென்று இருந்தது.

"சாமியும் இல்ல, பேயும் இல்ல" என்றார். "பழுத்த வாயில கெண்டியால தண்ணி ஊத்தும்போது நுனியில ஒரு விரக்கடை அதிகமா விழுந்திருக்கு. அதிகமா இறுகின இரும்பு வளையாது, உடையும். அது எங்க வீட்டுத் தப்பு. வேற யார் தலையிலயும் போடாதீங்க."

ஆயிரம் பூசாரிகள் சொல்லாத உண்மையை, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் ஒரு நகத்தளவு இரும்பில் படித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கைபடாமல் அந்த உலையிலிருந்து எந்தக் கத்தியும் வெளியே போனதில்லை.

அவர் கைபட்டது என்பதே ஒரு குற்றமாக வந்து நின்றது, போன தசைன் பண்டிகைக்கு முன்னால்.

மேல்வீட்டு இந்திரலால் பஸ்நேத் இரண்டு குக்ரிகள் செய்யச் சொல்லியிருந்தார். பெரியது பண்டிகைக்கு அம்மன் முன்னால் கிடா வெட்ட. சிறியது அவர் மனைவி சபித்ராவுக்கு, தழை வெட்ட. மன்சரா புதுக் கத்திகளைத் தன் அடுப்படியில் வைத்து வேலை வாங்குகிறார் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. உலைக்கு வந்து, நர்ஜித்தைப் பார்க்காமல் மன்சராவைப் பார்த்தே பேசினார். அவருக்கு முப்பத்தைந்து வயது. மன்சராவை அவர் அழைப்பது ஒருமையில்தான். அவர் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளையும் அப்படியே.

"ஏ கொல்லச்சி, நீ வெங்காயம் நறுக்குன கத்தியிலயா நாங்க அம்மனுக்கு வெட்டறது? இந்த ரெண்டும் உன் வீட்டுக்குள்ள போகக் கூடாது. உலையிலேருந்து நேரா என் வீட்டுக்கு வரணும்."

இந்த ஊரின் ஒவ்வொரு அடுப்படியிலும் நர்ஜித் அடித்த கத்தி ஒன்று இருக்கிறது. நர்ஜித்தும் மன்சராவும் அவற்றில் ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. இப்படி ஒதுக்கிவைப்பது குற்றம் என்று சட்டம் எழுதிப் பல வருடமாகிறது. அந்தச் சட்டம் கீழே பஸ் நிற்கும் இடத்திலேயே இறங்கிக்கொண்டது போலிருக்கிறது, மலை ஏறவில்லை.

பெரிய வீட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஒரு தடவை சும்மா கொடுத்துவிடலாம் என்று நர்ஜித் அன்று முழுக்கக் கெஞ்சினார். சபித்ரா தினமும் இரண்டு கூடை தழை வெட்டுகிறவர். காலையில் ஒரு மரம், மாலையில் ஒரு மரம். சோதிக்காத கத்தி அந்தக் கைக்குப் போகப்போகிறது. அதுதான் மன்சராவைத் தின்றுகொண்டிருந்தது.

கத்திகள் தயாரானதும் அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. உலையிலிருந்து எடுத்த கையோடு நேராகப் பஸ்நேத் வீட்டு முற்றத்துக்குப் போய், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என் வீட்டுல வெட்டக் கூடாதுன்னீங்க ஐயா. சரி. உங்க வீட்டுல வெட்டறேன்."

இந்திரலாலுக்குத் துரத்த மனமில்லை, பண்டிகைக்கு வேண்டிய விறகு பிளக்காமல் கிடந்தது. கூலியில்லாமல் விறகு பிளக்கும்போது அந்தக் கையில் தீட்டு இருப்பதில்லை. கிழங்கு வந்தது, மூங்கில் வந்தது. இரண்டாம் நாள் சபித்ரா ஆட்டெலும்பை இலையில் வைத்து எட்ட நின்று தள்ளிவிட்டுப் போனார். இந்திரலாலின் தாய் ஹோமகலா, மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வேலை இருப்பதுபோல வந்து நின்றார்கள். குளம்பெலும்பை ஒரே போடில் இரண்டாக்கியபோது ஒருத்தி, "இந்தக் கையில அடிவாங்கினா நர்ஜித் அண்ணன் என்னத்துக்கு ஆவாரு" என்றாள். "அவரு மேல பரிசோதனை என்னிக்கோ முடிஞ்சுபோச்சு" என்றார் மன்சரா. எல்லாரும் சிரித்தார்கள், மாடியில் இருந்தவர் தவிர.

மூன்றாம் நாள் முடிச்சு. பெரிய கத்தி பதினாலு வெட்டும் தாங்கியது. சின்னக் கத்தி நடுவாயில் ஏழும் தாங்கியது. நுனியில் நான்காவது வெட்டில் ஒரு சின்னச் சத்தம். நுனியில் அரை நகத்தளவு காணவில்லை. அந்தத் துண்டு முற்றத்தின் மறுகோடியில், தவிட்டுக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. சபித்ராவின் கை தானாக அவர் கன்னத்துக்குப் போயிற்று. ஜுன்கிரியின் முகத்தைத் தெரியாதவர்கள் இங்கே யாருமில்லை.

மன்சரா கரிக்கட்டையைத் தேடினார். இந்திரலால் குனிந்து கத்தியைப் பார்த்தார்.

"பெரிசு நல்லாத்தானே இருக்கு. அது போதும். இது இவளுக்குத்தானே, தழை வெட்டறதுக்கு. நுனி போனா என்ன, அப்படியே குடுத்துட்டுப் போ."

"அம்மன் மரம் ஏறப் போறதில்ல ஐயா" என்றார் மன்சரா. "இவங்கதான் ஏறுவாங்க."

குரலை உயர்த்தவில்லை. கத்தியின் மேல் கோடு இழுத்து, எடுத்துக்கொண்டு நடந்தார். ஐந்தாம் நாள் வேறொரு சின்னக் கத்தியோடு திரும்பி வந்து, அதே விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை தண்ணீர் ஊற்றும்போது கெண்டியைத் தானே பிடித்ததாக என்னிடம் சொன்னார். நர்ஜித்தின் கை நடுங்கியதாம். "பாவம், பெரிய வீட்டுக் கத்தின்னாலே அவருக்கு நடுங்கும். அப்ப தண்ணி எங்க விழும்?" மறுபடி மூங்கில், மறுபடி எலும்பு, மறுபடி முடிச்சு. பதினாலு வெட்டு. நுனி கொஞ்சம் மழுங்கியது, அவ்வளவுதான். அதைச் சாணைக்கல்லில் தீட்டி எடுத்து, இரண்டு கத்திகளையும் முற்றத்து நடுக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். கொல்லர் கையிலிருந்து நேராக யாரும் எதையும் வாங்குவதில்லை.

அன்று ஒரு வீட்டில் கட்டு மாற்றிவிட்டு அந்த வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே நின்றேன்.

ஹோமகலா மாடியிலிருந்து இறங்கி வந்தார். செம்புத் தண்ணீரில் தன் தங்க மோதிரத்தைத் தோய்த்தார். தங்கம் பட்ட தண்ணீர் தெளித்தால் தாழ்ந்த சாதி தொட்ட தீட்டுப் போய்விடுமாம். இரண்டு கத்திகளின் மேலும் தெளித்தார். துளிகள் இரும்பில் முத்து முத்தாக நின்றன.

மன்சரா யோசிக்கவே இல்லை. இரண்டடி முன்னால் வந்து, சால்வை முனையை இழுத்து, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடி கல்லின் மேல் வைத்தார்.

ஹோமகலாவின் கை அந்தரத்தில் நின்றது. "என்னடி பண்றே?"

"ஈரத்தோட உறையில போட்டா துரு ஏறிடும்மா. ஒரு ராத்திரி போதும்."

கிழவி மறுபடி மோதிரத்தைத் தோய்த்தார், மறுபடி தெளித்தார். மன்சரா மறுபடி எடுத்தார், துடைத்தார், வைத்தார். கோபமில்லை, கேலியில்லை, பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி. இந்திரலால் மாட்டுக் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் தண்ணீர் விழுந்தது.

அப்போது சபித்ரா வந்து, கல்லின் மேலிருந்த தன் கத்தியைக் கையில் எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மாமியாரைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. நீர் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கத்தியை, பிடியை மன்சராவின் பக்கமாகத் திருப்பி, துடைத்துத் தரட்டும் என்று கைக்குக் கை நீட்டினார்.