பூ வைத்த திருப்புளி

ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவருக்குக் கம்பெனியில் பிட்டர் வேலை. ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி இருக்கும். வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே என் கதவு, நாற்காலி எல்லாவற்றின் திருகாணிகளையும் முடுக்கிவிடுவார்.

மாம்பழப் பெட்டிப் பலகையில் அவரே ஒரு வீடியோ கேம் பெட்டி செய்தார். மேசைமேல் வைத்து ஆடுவது. ஆட்டத்துக்கு ஏற்றபடி திரையை அகலவாக்கில் படுக்கவும் வைக்கலாம், உயரவாக்கில் நிமிர்த்தவும் செய்யலாம் என்று கம்பெனி முழுக்கப் பெருமையடித்துவிட்டு, ஆயுத பூஜையன்று சாயங்காலம் கூட்டாளிகளை ஆட வரச் சொல்லியிருந்தார்.

அன்று காலையிலேயே அவருடைய கருவிகளையெல்லாம் என் பூஜையில் வைத்துப் பொட்டும் பூவும் வைத்தாயிற்று. கூட்டாளிகள் வரும் நேரத்தில் பார்த்தால், நிமிர்த்த வேண்டிய திரை படுத்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, திருப்புளி மட்டும் எடுத்துக்கட்டுமா? பசங்க சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும்ப்பா. பூ வெச்சத நாளைக்குத்தான் தொடணும்.”

மீசை தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. நான் சமையலறைக்குப் போய், பூஜைப் பக்கம் திரும்பாமல், வெந்த சுண்டலையே வெகுநேரம் கிண்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் திருப்புளிமேல் பூ அசையாமல் இருந்தது. மாடியில் ஒரே சிரிப்பு. போய்ப் பார்த்தேன். படம் நேராகத் தெரிவதற்காக மனிதர் பெட்டியையே பக்கவாட்டில் சாய்த்துவிட்டிருந்தார். பிடியும் பட்டன்களும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

“என்னண்ணா, பால் கறக்கற மாதிரி இருக்குது,” என்றான் ஒருவன்.

“உதை வாங்காம கற,” என்றார் இவர்.

நான் அத்தனை நேரம் சுண்டலைக் கிண்டியது எதற்கென்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?