இரண்டோடு நிற்காத விளையாட்டு

போர் முடிந்துவிட்டதென்று வானொலியில் சொன்ன கிழமை, தேற்றாத்தீவிலிருந்து மாமாவின் மகள் எங்கள் வீட்டில் வந்து நின்றாள். என்னைவிட மூன்று வயது இளையவள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. மற்றவளைச் சுனாமி கொண்டுபோய் நாலரை வருடம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும்தான் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது அது. ஒரு சின்னப் பெண் ஓடுவாள். பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அவளைப் போலவே இன்னொருத்தி பக்கத்தில் முளைப்பாள். ஒரே பட்டனுக்கு எல்லோரும் சேர்ந்து பாய வேண்டும். வழியில் ஆழமான குழிகளாகக் கிடங்குகள் வரும், அதில் விழுந்தவள் விழுந்தவள்தான். நின்று பார்த்தால் பின்னால் வரும் சுவர் மிச்சப் பேரையும் நசுக்கிவிடும். நூறு பேரைச் சேர்த்தால் வெற்றி. நான் எண்பது வரை போயிருந்தேன், அதில் பெரிய தலைக்கனம் வேறு.

திரையில் இரண்டாவது பெண் முளைத்ததும் மாமாவின் மகள் கேட்டாள்: "இத ரெண்டோட நிப்பாட்ட ஏலாதா மச்சாள்?"

"அப்ப விளையாட்டு என்னத்துக்குகா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒருத்தி விழுந்தால் போதும், இவள் மற்றவர்களைக் கிடங்கின் ஓரத்தில் நிறுத்திவிடுவாள். சுவர் வந்துவிடும். மூன்று முறையும் இதே கதை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விழுந்ததப் பாத்து நிக்காதகா! ஒராள் போனா என்ன, அதே முகத்தோட மற்ற ஆள் இரிக்கிதானே."

அவள் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"அண்டைக்கு அம்மாட்டயும் இதத்தானே சொன்னீங்க."

உண்மைதான். சுனாமிக்கு மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்து முகாமில் மாமி நெஞ்சில் அடித்து அழுதபோது, பெரிய மனுசி போல நான் சொன்ன ஆறுதல்: "அழாதீங்க மாமி, அதே முகம் இரிக்கிதானே." அந்த முகம் பக்கத்திலேயே நின்றிருந்தது. என்ன புத்தியான பிள்ளை என்று சனம் என்னை மெச்சியது. நான் மறந்தே போனேன்.

"அதுக்குப் பிறகு அம்மா சில நேரம் அவள்ர பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிடுறா," என்றாள். "நானும் ஓம் எண்டு போறன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானோ தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து குசினிக்குள் ஓடினேன். சொன்ன வார்த்தையைவிட அந்த ஓட்டம்தான் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்த விளையாட்டின் எல்லாப் பட்டன்களையும் தட்டிப் பார்த்தேன். இரண்டோடு நிறுத்த வழி இருக்கவில்லை.